எம்.டி.க்கு முறை வைத்த கதை

பங்கு மோசடி வழக்குகள் பக்கம் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இப்போதெல்லாம் ஒரு கம்பெனி ஊரை ஏமாற்றுகிறது என்று வாசம் வந்தாலே போதும், விசாரணைக்கு முன்பே அதன் கணக்கை முடக்கிவிடுகிறார்கள். ஏமாந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வழக்காகப் போடச் சட்டம் வந்துவிட்டது. உத்தரவு போட்ட கையோடு அது உங்கள் செல்போனில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் முதலீட்டாளர் தரப்பு வக்கீலாகத் திருவள்ளூருக்கும் சென்னைக்கும் அலைந்துகொண்டிருந்தபோது நிலைமை இப்படி இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஆணையம் போட்ட உத்தரவை அதன் ஷெட் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி உத்தரவை ஆடு தின்றிருந்தது. மீதியைத் தின்ன அது தயாராக நின்றுகொண்டிருந்தது.

உங்களில் ஒருவர் என்னிடம் எதிர்த்தரப்பை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார். எதிர்த்தரப்பா? அட, அது ஒரு வேலையா! அவன் நமக்குக் கெடுதல் செய்வான் என்று தெரிந்துதானே போகிறோம். சொந்தக் கட்சிக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சமாளிப்பதுதான் தொழில். அந்தக் கும்மிடிப்பூண்டிக் கதையையே சொல்கிறேன், கேளுங்கள்.

தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஷெட், கொஞ்சம் நிலம். இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லி அதன் எம்.டி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். முறையான அறிவிப்பு, அனுமதி, எதுவும் கிடையாது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார், இறால் பிரியாணி போடுவார், சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்களிடம் விண்ணப்பத்தை நீட்டுவார். அந்தக் கம்பெனி கடைசிவரை பதப்படுத்திய இறால் அந்தப் பிரியாணியில் கிடந்தது மட்டும்தான்.

வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் எளாவூர்ப் பக்கத்து ஒரு கிராமத்தில் நெல் விவசாயம் செய்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் முனிரத்தினம். ஊர் ஏரித் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது என்று முறை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. அவர் வாயிலிருந்து வந்தால் ஊரில் மறுபேச்சு கிடையாது. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பங்கள் சிலவும் வாங்கியிருந்தன. அவர்கள் சார்பில் ஜவுளிக்கடை சுலைமான் பாய். இவர்களோடு ரேணுகா. அந்தக் கிராமத்தில் பிறந்து வேப்பம்பட்டில் வாடகைக்கு ஒற்றை அறையில் தனியாக இருந்தவள். காக்களூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை செய்தாள். அதை மூடியபோது கையில் கொடுத்த செட்டில்மென்ட் தொகை முழுவதையும் இந்த இறாலில் போட்டுவிட்டாள். மற்றவர்களுக்கு நிலம் இருந்தது, கடை இருந்தது. அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அந்த ஷெட்டும் நிலமும் போனால் அவள் கதை முடிந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் அந்த வழக்கில் எனக்கு அவ்வளவு வெறி.

ஷெட்டை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கிவிட்டேன். வாங்கியபின் எம்.டி.யைக் காணவில்லை. அவருடைய மச்சான், அவரும் ஒரு டைரக்டர், ஒரு பவர் பத்திரத்தோடு கோர்ட்டுக்கு வந்தார். தடைக்கு முன்பே எம்.டி. நிலத்தை விற்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார், தடையை நீக்குங்கள், நாங்கள் பத்திரம் பதிய வேண்டும் என்றார். போட்டாரா இல்லையா என்று எம்.டி.தான் சொல்ல வேண்டும். எம்.டி. எங்கே?

அந்த வெள்ளிக்கிழமை நான் கோர்ட்டில் பேசியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகும். "மை லார்ட், எதிர்த்தரப்பினர் திட்டமிட்டு அந்த மனிதரை ஒளித்து வைத்திருக்கிறார்கள்! ஏழை முதலீட்டாளர்கள் தேடாத இடமில்லை!" குரல் தழுதழுக்கப் பேசினேன். திரும்பிப் பார்த்தேன். பின் வரிசையில் என் ஏழை முதலீட்டாளர்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுலைமான் பாய் மட்டும் தன் செருப்பைப் பார்த்தார்.

நீதிபதி சலித்துப்போய், திங்கட்கிழமை எம்.டி. நேரில் வந்து சொல்ல வேண்டும், வராவிட்டால் தடை நீங்கும் என்று முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் முனிரத்தினம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "வக்கீலம்மா, ஒரு டவுட்டு. ஒர்த்தரு நம்ம ஊட்ல தங்கிக்கினு, சாப்ட்டுக்கினு இருந்தா, அது கேசாவுமா?"

"விருந்தாளி வந்தால் கேஸாய்யா? போங்க."

"இல்ல, அவரு கெளம்புறேங்கிறாரு. நாங்க இருந்து சாப்ட்டுப் போங்கன்றோம். அதுக்கு?"

"அதுக்குப் பேர் உபசாரம். திங்கட்கிழமைக்குள் எம்.டி. கிடைக்காவிட்டால் நடுத்தெருவில் நிற்கப்போகிறீர்கள், இப்போது விருந்து ஒரு கேடா?" என்று எரிந்து விழுந்துவிட்டு நடந்தேன். இதிலிருந்தே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் 'ஒரு டவுட்டு' என்று வந்தால் நடையை நிறுத்துங்கள். சம்பந்தமில்லாத டவுட்டு என்று இந்த உலகத்தில் ஒன்று கிடையாது.

படிக்கட்டில் ரேணுகா என் கையைப் பிடித்தாள். "மேடம், நாளைக்கு நீங்க கட்டாயமா ஊருக்கு வரணும். இன்னான்னு இங்க சொல்ல முடியாது. வந்து உங்க கண்ணால பாத்துருங்க."

சனிக்கிழமை மதியம் அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். முனிரத்தினம் வீட்டுக் கூடத்தில் நுழைந்தால், புது லுங்கி கட்டி, தலையில் எண்ணெய் வைத்துக் குளித்த ஈரம் காயாமல், வாழை இலை முன் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். தொப்பை மடியில் கிடந்தது. எனக்கு முகம் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டது.

"வாங்க மேடம்! நல்ல நேரத்துல வந்தீங்க. ஒக்காருங்க, ஒரு எலை போடச் சொல்றேன்."

எம்.டி.! நான் தேடாத இடமில்லை என்று நீதிபதி முன் கண் கலங்கினேனே, அந்த எம்.டி.!

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். முனிரத்தினம் பக்கத்தில் நின்று, "நாந்தான் நேத்தே கேட்டனே வக்கீலம்மா, நீங்கதான் உபசாரம்னு சொல்லிக்கினு போய்ட்டீங்க" என்றார். என்னையே அவர் சாட்சியாக்கிவிட்டார், பாருங்கள்.

நடந்தது இதுதான். எம்.டி. ஆந்திராப் பக்கம் தப்பிக்க ஒரு லாரியில் ஏறியிருக்கிறார். எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், உங்களுக்குத் தெரியும். அங்கே டீ குடிக்கப்போன முனிரத்தினம், டிரைவர் பக்கத்தில் தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தவரை அடையாளம் கண்டுவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. "சார், இம்மாந்தூரம் வந்துட்டு ஊட்டுக்கு வராம போறீங்களே, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்று நாலு பேர் அன்பாக இறக்கிக் கூட்டிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

போலீசில் ஒப்படைத்தால் என்ன என்று கேட்டேன். "ஜெயிலுக்குப் பூட்டாருன்னா நம்ம டப்பு யாரு தருவா?" என்று முனிரத்தினம் என்னைத் திருப்பிக் கேட்டார். சரி, யார் வீட்டில் வைத்துக்கொள்வது? அதில்தான் சண்டை வந்திருக்கிறது. முனிரத்தினத்துக்குத் தெரிந்த நீதி ஒன்றே ஒன்று. ஏரித் தண்ணீரை நிலத்தின் அளவுக்கு ஏற்ப முறை வைத்துப் பிரிப்பதுபோல, எம்.டி.யைப் பங்கின் அளவுக்கு ஏற்பப் பிரித்துவிட்டார். நிறையப் பங்கு வைத்திருப்பவர் வீட்டில் இரண்டு நாள். நடுத்தரத்துக்கு ஒரு நாள். சில்லறைப் பங்குக்காரர்களுக்கு ஒரு வேளை நாஷ்டா.

அவரைப் பார்த்துக்கொண்ட அழகு இருக்கிறதே, தலைதீபாவளி மாப்பிள்ளை தோற்றான். கிணற்றடிக்குத் தனியாக விடமாட்டார்கள், வழுக்கிவிடும். மோட்டார் சைக்கிளில் ஏற்றமாட்டார்கள். சர்க்கரை மாத்திரை வேளாவேளைக்கு. தும்மினால் கஷாயம். அவர் செத்துவிட்டால் முதலுக்கே மோசம் அல்லவா.

இது ஊரார் கண்ணுக்கு விருந்து, சட்டத்தின் கண்ணுக்கு ஆளைப் பிடித்து அடைத்துவைத்த குற்றம். போலீஸ் வந்தால் ஏமாந்தவர்கள் எல்லாரும் குற்றவாளி, ஏமாற்றியவர் புகார்தாரர். வழக்கு அதோடு சாம்பல். நேராக எம்.டி.யிடம் போனேன். எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன்: "சார், உங்களை யாரும் தடுக்கக் கூடாது. இந்த நிமிடமே நீங்கள் போகலாம். வாசலில் என் கார் நிற்கிறது, ஏறுங்கள்."

அவர் நண்டுக் காலை உறிஞ்சி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "நானா எழுந்து போனா எனக்கு இன்னா மேடம் லாபம்? போலீஸ் வந்து மீட்டாத்தான் கேஸ் நிக்கும். போன் பண்ணுங்க, வரட்டும். அதுவரிக்கும் நான் இங்கியே இருக்கேன். ஏம்மா, அந்தக் கொழம்பு இன்னும் கொஞ்சம்."

நியாயம்தானே? தப்பித்தால் அவர் ஓடிப்போன எம்.டி. மீட்கப்பட்டால் அவர் பாதிக்கப்பட்ட அப்பாவி. அவரைப் பிடித்துவைத்தவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். பிடிபட்டவர் போகமாட்டேன் என்கிறார். நடுவில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நான்.

அப்போதுதான் வாசலில் வேன் வந்து நின்று சுலைமான் பாய் இறங்கினார். இறங்கியதும் என்னைக் கவனிக்கவில்லை. "முனிரத்தினம், அடுத்த வியாழன் என்ன ரேட்டு போகுது?" என்றார்.

"என்ன ரேட்டு பாய்?" என்றேன்.

மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஏரி முறையில் இவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. யார் முறையின்போது மழை பெய்கிறதோ அது அவர் அதிர்ஷ்டம், அந்தத் தண்ணீர் முதலில் அவருக்கு. அதே போல, எம்.டி. யார் வீட்டில் இருக்கும்போது பணம் வருகிறதோ, முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அந்த வீட்டுக்கு. இப்படி ஒரு விதி வந்ததும் முறைக்கு மதிப்பு வந்துவிட்டது. மதிப்பு வந்ததும் ஒருவர் முறையை இன்னொருவர் வாங்க ஆரம்பித்தார். பழவேற்காட்டார் வியாபாரிகள் அல்லவா, அடுத்த மாதத்து முறைகளை இப்போதே வாங்கிப்போட்டார்கள். எம்.டி. காலையில் சிரித்த முகமாக எழுந்தால் விலை ஏறும். பேதி என்றால் இறங்கும்.

நான் எத்தனை வருடமாகப் பங்குச் சந்தை வழக்கு நடத்துகிறேன்! ஒரு கூடத்துக்குள், ஒரு மனிதனை வைத்து, அனுமதி இல்லாத ஒரு சந்தையையே நடத்திக்கொண்டிருந்தார்கள் என் கட்சிக்காரர்கள்.

எம்.டி. சும்மா இருப்பாரா? பிறவிக் குணம் பேஜாரு பண்ணுமே. "வியாழக்கெழம மச்சான் டப்பு எடுத்துக்கினு வரான்" என்று ஒரு வீட்டுப் பெண்மணியின் காதில் போடுவார். வியாழன் முறை விலை எகிறும். இந்த வதந்திக்குக் கூலியாகத் தனியாக நெய் ரோஸ்ட், இறால் வறுவல், கட்டிலுக்கு மெத்தை. நம்முடைய பாஷையில் இதற்கு என்ன பெயர், எந்தப் பிரிவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அடப் பாவிகளா!" என்று கத்தினேன். "திங்கட்கிழமை இந்த ஆள் கோர்ட்டில் நிற்காவிட்டால் ஷெட்டும் நிலமும் கைமாறிவிடும். அதற்கப்புறம் இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஊறுகாயா போடுவீர்கள்? இவருடைய மச்சான் பவர் பத்திரத்தோடு நிற்கிறான், இவர் விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி!"

எம்.டி.யின் கை இலையில் அப்படியே நின்றது. "யாரு? எம் மச்சானா? நான் எங்க கையெழுத்துப் போட்டேன்?"

"போடவில்லையா?"

"வெத்துப் பேப்பர்ல போட்டுக் குடுத்து வெச்சிருந்தேன், அவசரத்துக்கு. அதுல எழுதிக்கினானா?" முகம் சிவந்துவிட்டது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "துரோகி! நம்பினவன் வயித்துல அடிக்கிறானே, அவன் நல்லாருப்பானா? சொந்தக்காரன்கிட்டயே மோசடியா? ஜனங்க காசு மேடம் அது, ஜனங்க காசு!"

ஜனங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"திங்கக்கெழம நான் வரேன் மேடம். ஜட்ஜ் முன்னாடி கிழிச்சு நார் நாரா தொங்க வுடறேன் அவன."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விடக் கூடாது. அவர் வருகிறேன் என்றதும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறானே, கோர்ட் வாசலில் ஓடிவிடுவானோ? முனிரத்தினம் குறுக்கே நின்றார். "அதெல்லாம் இருக்கட்டும் வக்கீலம்மா. திங்கக்கெழம என் முறை. நான் அனுப்ப மாட்டேன். அன்னிக்கு டப்பு வந்துச்சுன்னா?"

"உன் முறையா?" என்று சுலைமான் பாய் முன்னால் வந்தார். "திங்கள் நான் வாங்கினது முனிரத்தினம். கையில காசு கொடுத்து வாங்கினது."

"யார்கிட்ட?"

"எம்.டி.கிட்டதான்."

"நானும் எம்.டி.கிட்டதான வாங்கினேன்!"

எல்லார் கண்ணும் எம்.டி. மேல் போனது. அவர் துரோகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுக் கை கழுவக் கொல்லைப்புறம் நகர்ந்தார்.

விசாரித்தால், தன்னுடைய திங்கட்கிழமையை அவர் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார். செவ்வாயையும் அப்படியே. புதன், அதை மூன்று வீட்டுக்கு. அடைபட்டுக் கிடந்த இடத்தில், தன்னையே பங்காக்கி, அதே ஆட்களிடம், அதே மோசடியை இரண்டாம் முறை செய்திருக்கிறார்! எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. முனிரத்தினம் ரொம்பக் கோபமாக, "இன்னா வக்கீலம்மா சிரிக்கிறீங்கோ? இதுக்கும் சேத்து ஒரு கேஸ் போடுங்க மொதல்ல!" என்றார்.

கூடத்தில் கூச்சல் ஏறியது. திங்கள் யாருக்கு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பாய் வேனிலிருந்து இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். நாலு பேர் கை ஓங்கிவிட்டால் போலீஸ் தானாக வரும்.

அப்போது ரேணுகா எழுந்து நின்றாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். "அண்ணே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஏரியில மேல்மடைக்காரன் ரெண்டு பேரு முறைக்கு அட்ச்சிக்கினா தண்ணிய இன்னா பண்ணுவீங்க?"

முனிரத்தினம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்கண்ணே. நான் இந்த ஊர்ல பொறந்தவதான், எனக்குத் தெரியும். நீங்க வாயால சொல்லுங்க."

"கடமடைக்கு வுட்ருவோம், கடசி வயலுக்கு" என்றார் அவர், மெதுவாக.

"நான் கடமடை. என் ரூம்ல ஆள ஒக்கார வெக்கக்கூட எடமில்லன்னு எனக்கு ஒரு வேளைகூட இன்னும் முறை வரல. திங்கக்கெழம எனுக்கு வுடுங்க. எங்க கூட்டினு போவணும்னு நான் பாத்துக்கிறேன்."

எனக்குத் தெரிந்து அந்த ஊரில் முனிரத்தினத்தின் தீர்ப்பு முனிரத்தினத்துக்கே எதிராகப் போனது அன்றைக்குத்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "திங்கக்கெழம ரேணுகாவுக்கு" என்றார். பாய் ஒரு பெருமூச்சு விட்டு, "சரிம்மா, நீயே வெச்சுக்க" என்று ஒதுங்கிவிட்டார். சட்டப் புத்தகம் முழுவதையும் நான் அங்கே தலைகீழாக ஒப்பித்திருந்தாலும் இது நடந்திருக்காது. என்னைக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குக் கோட்டு மாட்டியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவள் அவரைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குக் கூட்டிவந்தாள். அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தாள், வழியில் வேறு கேஸ் வந்துவிடக் கூடாது என்று. பெட்டி முழுக்க ஊர். யாரும் அவரைத் தொடவில்லை. தொடாமல் அவ்வளவு நெருக்கமாக நிற்க எங்கள் பக்கத்து ஜனங்களால்தான் முடியும்.

கோர்ட் வாசலில் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எம்.டி. கிடைத்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கே இருந்தார் என்பதை விழுங்கிவிடலாம். மச்சான் தரப்பு வக்கீல் எப்படியும் மோப்பம் பிடிப்பார். அவர் வாயால் அது வந்தால் நான் பொய்க்காரி, என் கட்சிக்காரர்கள் கடத்தல்காரர்கள். ஆகவே எழுந்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னேன். "மை லார்ட், வெள்ளிக்கிழமை நான் சொன்னது தவறு. இவரை எதிர்த்தரப்பு ஒளித்து வைக்கவில்லை. இவர் என் கட்சிக்காரர்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்கு சனிக்கிழமைதான் தெரியும்." நம் பக்கத்து அசிங்கத்தை நாமே முதலில் எடுத்து மேஜை மேல் வைத்துவிட வேண்டும், பிள்ளைகளே.

மச்சான் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். கடத்தல், சிறைவைப்பு, கைசுத்தமில்லாத மனுதாரர்கள், இவர்களுக்குத் தடை எதற்கு என்று பொரிந்து தள்ளினார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு எம்.டி. பக்கம் திரும்பினார்.

"உங்களைப் பூட்டி வைத்தார்களா?"

"இல்லீங்கய்யா."

"அடித்தார்களா?"

"ஐயோ, சாப்பாடு போட்டாங்கய்யா."

"பின்னே ஏன் கிளம்பி வரவில்லை?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த ஒரு பதிலில்தான் ரேணுகாவின் நிலம் இருந்தது. எம்.டி. நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "மாசக் கடசி வரிக்கும் முறை வித்தாச்சுங்கய்யா. நடுவுல எழுந்து வந்துட்டா வாங்கினவங்களுக்கு மோசம் பண்ண மாதிரி ஆயிடும்."

மச்சான் தரப்பு வக்கீல் தன் கேஸ் கட்டை மெதுவாக மூடினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். என்ன முறை, எப்படி விற்றார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்து, ரொம்பப் பணிவாக, "மேடம், இந்தப் புதுப் பங்கு வெளியீட்டுக்கு ஆணையத்தின் அனுமதி உண்டா?" என்றார்.

அதன் பிறகு மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து என்று எம்.டி. சொன்னார், சொல்லும்போது மச்சானைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். விற்பனை நின்றது. தடை உறுதியானது. ஷெட்டையும் நிலத்தையும் கோர்ட்டே ஏலம் போட்டுப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று உத்தரவானது. என் கட்சிக்காரர்களை நிற்கவைத்து நீதிபதி வாங்கு வாங்கென்று வாங்கினார். மனிதனை ஏரித் தண்ணீர் என்று நினைத்தீர்களா என்றார். முனிரத்தினம் கைகட்டி, தலையாட்டி, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். எம்.டி.யின் மீதான மோசடி விசாரணைக்கு அதிகாரிகள் வெளியே காத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் என்பதால், சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றார்கள்.

தாழ்வாரத்தில் ரேணுகா ஒரு டிபன் டப்பாவோடு நின்றாள். "சாயங்காலம் வரிக்கும் என் முறைதான் மேடம்" என்றாள் என்னிடம். அவரை பெஞ்சில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்து கொடுத்தாள். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். மற்ற வீடுகளில் சுற்றி நின்று உபசரித்தார்களே, அப்படி எதுவும் செய்யவில்லை. எதிரில் நின்று, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ரசித்துச் சாப்பிட்டார். பாதியில் நாக்கைச் சப்புக்கொட்டி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உப்புதான் சுத்தமா இல்லையேம்மா" என்றார்.

"எனுக்கு பிரஷர் சார்" என்றாள் ரேணுகா. "மாத்திர வாங்குற காசுதான் உங்ககிட்ட இருக்கே. அதனால உப்ப வுட்டுட்டேன்."

எம்.டி. கையில் எடுத்த சோற்றை இலையென்று நினைத்தோ என்னவோ பெஞ்சிலேயே வைத்தார். அவள் அதைத் துடைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.